கெஃப் எல்எஸ்50 மெட்டா: எந்த ஆம்ப் ஒத்துப்போகும், எது போகாது

கெஃப் எல்எஸ்50 மெட்டா ஸ்பீக்கரின் பெட்டி சின்னது. 5.25 அங்குலக் கூம்பு, அதன் நடுவிலேயே மேல் ஸ்தாயிக்கு 1 அங்குல ட்வீட்டர். சின்ன ஸ்பீக்கருக்குச் சின்ன ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) போதும் என்று நினைத்து வாங்குபவர்கள்தான் கொஞ்ச நாளில் "பேஸ் வரலை, சத்தம் கூட்டினா காதைக் குத்துது" என்று புலம்புகிறார்கள். பெரும்பாலும் குத்துவது ஸ்பீக்கர் இல்லை, மூச்சு முட்டிப்போன ஆம்ப்.

2020இல் வந்த இந்த மாடலுக்கு கெஃப் தரும் விவரம்: சென்சிட்டிவிட்டி (1 வாட்டில், 1 மீட்டர் தூரத்தில் வரும் சத்தம்) 85 டெசிபல், இம்பீடன்ஸ் (கரன்டுக்கு ஸ்பீக்கர் காட்டும் தடை, ஸ்தாயிக்கு ஸ்தாயி மாறும்) 8 ஓம், மிகக் குறைந்தது 3.5 ஓம், பரிந்துரைக்கும் ஆம்ப் 40 முதல் 100 வாட் வரை. எல்லோரும் பார்ப்பது 8 ஓமை. நீண்ட நாள் பயன்பாட்டில் வேலையைக் காட்டுவது அந்த 3.5.

முதலில் சத்தக் கணக்கு. 1 மீட்டரில் 85 டெசிபல் என்றால் 2.5 மீட்டரில் 8 குறையும். இரண்டு ஸ்பீக்கர் சேர்ந்து 3 கூட்டும். ஆக, ஆளுக்கு 1 வாட்டில் உட்காரும் இடத்தில் சுமார் 80. அறை இன்னும் கொஞ்சம் கொடுக்கும், அதை விட்டுவிடுவோம். கச்சேரிப் பதிவைச் சராசரி 75இல் கேட்டால் கால் அரை வாட்டிலேயே ஓடும். ஆனால் தவில் விழும் கணத்தில் 20 டெசிபல் மேலே போனால் 95. அதற்கு 32 வாட் வேண்டும். 98 வேண்டுமென்றால் 63 வாட், 100 என்றால் 100 வாட். இப்போதைய சினிமாப் பாட்டுகளில் பெரும்பாலானவை ஏற்ற இறக்கமில்லாமல் அமுக்கித்தான் வருகின்றன. அவற்றுக்கு இவ்வளவு தேவைப்படாது. கடையில் அப்படிப்பட்ட பாட்டைப் போட்டுக் காட்டினால் எந்த ஆம்பும் நன்றாகத்தான் இருக்கும்.

அடுத்தது கரன்ட். 8 ஓமில் 100 வாட் தர 28 வோல்ட் போதும். அதே 28 வோல்ட்டில் இம்பீடன்ஸ் 3.5 ஓமுக்கு இறங்கும் இடத்தில் 8 ஆம்பியர் இழுக்கும். உச்சியில் 11ஐத் தாண்டும். அதனால் விவரத்தாளில் 8 ஓம் வாட்டையும் 4 ஓம் வாட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மராண்ட்ஸ் பிஎம்6007: 45, 60. கேம்பிரிட்ஜ் ஆடியோ சிஎக்ஸ்ஏ81: 80, 120. கரன்ட் குறையாமல் தரும் ஆம்பில் 4 ஓமில் வாட் இரட்டிப்பாகும். இரண்டிலுமே அப்படி ஆகவில்லை, இந்த விலையில் எதிர்பார்க்கவும் முடியாது. ஆனாலும் 4 ஓமில் முதலாவது கொடுப்பது 15.5 வோல்ட், இரண்டாவது 22. 3 டெசிபல் வித்தியாசம். 10க்கு 10 அறையில் 2 மீட்டருக்குள் உட்கார்ந்தால் முதலாவதே தாராளம். ஹாலில் 3 மீட்டர் தள்ளி சோஃபா என்றால் இரண்டாவது வகைக்குத்தான் போக வேண்டும்.

வால்வ் ஆம்ப் ஆசை உள்ளவர்களுக்கு: வாட்டை விட அவுட்புட் இம்பீடன்ஸை, அதாவது ஆம்பின் சொந்தத் தடையை, விசாரியுங்கள். அது 2 ஓம் என்று வைத்துக்கொண்டால், ஸ்பீக்கர் 3.5 ஓமில் நிற்கும் இடத்தில் ஏறக்குறைய 4 டெசிபல் குறையும், 20 ஓமில் நிற்கும் இடத்தில் 1 டெசிபல் கூடக் குறையாது. அதாவது யாரும் தொடாத ஈக்வலைசர் (ஸ்தாயிகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) ஒன்று 3 டெசிபல் அளவுக்கு வேலை செய்துகொண்டிருக்கும். "வார்ம்" என்று சொல்லி விற்பதில் பாதி இதுதான். பிடித்திருந்தால் தவறில்லை, ஆனால் வேறு ஸ்பீக்கரில் அந்த ஆம்ப் இதே மாதிரி ஒலிக்காது.

சோர்ஸ் பக்கம், அதாவது ஆம்புக்குப் பாட்டை அனுப்பும் கருவிகளில், செலவழிக்கும் பணத்துக்கு இந்த ஸ்பீக்கரில் பலன் குறைவு. ஒழுங்காக வடிவமைத்த டிஏசி (டிஜிட்டலை அனலாக் ஒலியாக்கும் கருவி) எதுவானாலும் சரி. கவனிக்க வேண்டியது லெவல். 8 ஓமில் 60 வாட் தர 22 வோல்ட் வேண்டும். 29 டெசிபல் கெயின் (பெருக்கும் அளவு) உள்ள ஆம்புக்கு அதற்கு 0.78 வோல்ட் உள்ளே போனால் போதும். டிஏசி தருவதோ 2 வோல்ட், எக்ஸ்எல்ஆர் (மூன்று பின் பேலன்ஸ்டு) இணைப்பில் 4. விளைவு, வால்யூம் குமிழ் எட்டு ஒன்பது மணியைத் தாண்டாது. சாதாரணப் பொட்டென்ஷியோமீட்டரில் (குமிழுக்குப் பின்னால் இருக்கும் பாகம்) அந்த ஆரம்பப் பகுதியில்தான் இடது வலது சமமாக இருக்காது. பாடகர் நடுவிலிருந்து ஒரு பக்கம் நகர்ந்து நிற்பார். ஸ்பீக்கரை எவ்வளவு திருப்பி வைத்தாலும் சரியாகாது. ஸ்ட்ரீமரிலேயே (நெட்டிலிருந்து பாட்டு எடுக்கும் கருவி) 8, 10 டெசிபல் குறைத்துவிட்டால் குமிழ் பதினொரு மணிக்கு வரும். 24 பிட் டிஏசியில் அதனால் காதுக்குத் தெரியும் இழப்பு எதுவும் கிடையாது. அந்த வசதி இல்லையென்றால் சிக்னலைக் குறைக்க 10 டெசிபல் அட்டெனுவேட்டர் ஒரு ஜோடி கேபிளில் மாட்டுங்கள்.

ரெக்கார்ட் பிளேயருக்குத் தனிக் கணக்கு. எம்எம் (மூவிங் மேக்னெட்) வகைக் கார்ட்ரிஜுக்கு, அதாவது ஊசி இருக்கும் பாகத்துக்கு, ஃபோனோ ஸ்டேஜில் (அதன் சிக்னலைப் பெருக்கும் பகுதி) 40 டெசிபல் கெயின், 47 கிலோஓம் உள்ளீட்டுத் தடை. கேபிளும் ஃபோனோ ஸ்டேஜும் சேர்ந்து எத்தனை பிகோஃபாரட் (கெப்பாசிட்டன்ஸ் அளவு) என்று பாருங்கள். ஆர்ட்டோஃபோன் 2எம் வரிசைக் கார்ட்ரிஜ்கள் கேட்பது 150 முதல் 300. அதிகமானால் மேல் ஸ்தாயி சில்லென்று கிளம்பிப் பிறகு சரியும்.

இரண்டு ஆம்பை ஒப்பிடுவதானால் ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டர் வைத்து லெவலைச் சமமாக்காமல் பேசவே கூடாது. 100 ஹெர்ட்ஸ் டோன் போடுங்கள். மலிவு மீட்டர்கள் 1 கிலோஹெர்ட்ஸில் சரியாகக் காட்டாது. ஒன்றில் 1.00 வோல்ட் என்றால் மற்றதில் 1.01க்குள் இருக்க வேண்டும். 1 டெசிபல் கூடுதலாக ஓடுவதைக் காது சத்தம் என்று சொல்லாது, "டீடெயில்" என்று சொல்லும்.

ஹம் (ஸ்பீக்கரில் தொடர்ந்து வரும் உறுமல்) வந்தால் முதலில் சோர்ஸ் கேபிளைக் கழற்றுங்கள். நின்றுவிட்டால் கிரவுண்ட் லூப், அதாவது இரண்டு கருவிகளின் எர்த் வழியாக ஓடும் கரன்ட். டிவி, லேப்டாப் சார்ஜர் இரண்டில் ஒன்றுதான் வழக்கமான குற்றவாளி. ஆப்டிகல் கேபிளுக்கு மாறினால் தீர்ந்துவிடும். எர்த் பின்னை ஒருபோதும் உடைக்க வேண்டாம். ஸ்பீக்கரில் சத்தமில்லாமல் ஆம்ப் பெட்டியே உறுமினால் அது டிரான்ஸ்ஃபார்மர்; கரன்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் என்றால் இன்வெர்ட்டர் சைன் வேவ்தானா என்று பாருங்கள்.

கேபிளுக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு. 3 மீட்டர் நீளத்துக்குப் போக வர 0.04 ஓம். அதற்கு மேல் செலவு அவரவர் விருப்பம்.

கடைசியாக சப்வூஃபர், அதாவது பேஸுக்கென்றே தனி ஸ்பீக்கர். ஆம்பில் "சப் அவுட்" இருப்பதால் மட்டும் இந்தச் சின்னக் கூம்பின் சுமை குறையாது. பெரும்பாலான ஆம்ப்களில் மெயின் ஸ்பீக்கருக்கு முழு பேஸும் போய்க்கொண்டேதான் இருக்கும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே மெயினிலிருந்து வெட்டும் ஹை பாஸ் ஃபில்டர் இருக்கிறதா என்று வாங்கும்முன் கேளுங்கள். இருந்தால் பின்பக்கத் துளையை, கூடவே வரும் ஃபோம் அடைப்பால் மூடிவிட்டு 80இல் வெட்டுங்கள். கூம்பின் ஓட்டம் குறையும், ஆம்பின் சுமையும் குறையும். 45 வாட் அளவு ஆம்பே அப்போது ஹாலுக்கும் போதுமானதாகிவிடும்.