பூத் கமிட்டி பயிற்சி வகுப்பு, போய்ட்டு வந்தேன்

தேர்தல்ல தோத்த கையோட துவண்டு கெடந்த நாங்க பத்து பேரு காசு போட்டு பூத் கமிட்டிக்கு, அதாவது ஒவ்வொரு வாக்குச்சாவடிக்கும் கட்சி வேலை பாக்குற குழுவுக்கு நடத்துற இந்த ரெண்டு நாள் வகுப்புக்குப் போனோம், ரொம்ப நல்லா இருந்துச்சு. 1996ல 4 சீட்டுக்கு வந்த அதிமுக, தமாகா, காங்கிரஸ், பாமக, கம்யூனிஸ்ட்டுன்னு எல்லாரையும் கூட்டணில சேத்து 2001ல ஆட்சியப் புடிச்சத வச்சு ஆரம்பிச்சாங்க. ஆனா கூட்டணிய விட வாக்காளர் பட்டியல்தான் மெயின் பாடமே. பென்சில குடுத்து ஒவ்வொரு கதவு நம்பரா டிக் போட வச்சாங்க, பாத்தா எங்க தெருவுல செத்துப்போன பெரியப்பா பேரு அப்படியே இருக்கு, 18 முடிஞ்ச பக்கத்து வீட்டுப் பொண்ணு பேரு இல்ல, மனசு கேக்கல. படிவம் 6 சேக்க, 7 நீக்க, 8 திருத்தன்னு அங்கயே எழுதிப் பழகுனோம். மைக் மட்டும் சரியில்ல, பின்னாடி பாதி கேக்கல. சாப்பாடு ஓகே. தோத்த கட்சிக்காரங்க எந்தக் கட்சின்னாலும் தயவுசெஞ்சு போங்க.