ஸ்லிப்பர் கிளட்சை மேம்படுத்தித் தருகிறேன் என்பவரிடம் பக்கியைக் கொடுக்கும் முன்

ரிமோட்டில் ஓடும் ரேஸ் பக்கி கார் ஓட்டுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள். ஸ்லிப்பர் கிளட்சுக்கு (விசை அளவு மீறினால் வழுக்கிக்கொடுக்கும் கிளட்ச்) புது பேட் (உராய்வுத் தகடு), புது ஸ்பிரிங் போட்டு ட்யூன் செய்து தருவதாகச் சொன்ன ஒருவரிடம் என் 1/10 டூ வீல் டிரைவ் பக்கியைக் கொடுத்தேன். சாமான்களுக்குத் தனியாக, கூலிக்குத் தனியாகப் பணம் வாங்கிக்கொண்டார். உள்ளே பழைய பேட்தான் இருந்தது. அதோடு பால் டிஃபும் (பின்சக்கரங்கள் இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும், குண்டுகள் வைத்த டிஃபரன்ஷியல்) போய்விட்டது.

முதலில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. திராட்டிலைத் தொட்டதும் வண்டி பாய்ந்தது, முன்சக்கரம் தூக்கியது. நன்றாக இருக்கிறது என்று அவரிடம் சொல்லவும் செய்தேன். மூன்றாவது பேட்டரி ஓடும்போது, மேட்டில் குதித்து இறங்கியதும் பின்பக்கம் கர்ரென்று ஒரு சத்தம். கையில் எடுத்து ஒரு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதைச் சுற்றினால், உள்ளே மணல் அரைபடுவது போல நெருடியது.

பிரித்துப் பார்த்தேன். ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டும் வரை ஸ்லிப்பரை இறுக்கும் நட்டை முறுக்கி வைத்திருந்தார். பேட்டை எடுத்தால் முகமெல்லாம் கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. ஓரத்தில் ஒரு நீல மார்க்கர் புள்ளி. எந்தப் பேட் எந்தப் பக்கம் என்று தெரிவதற்காக முன்பு நானே வைத்த புள்ளி அது. அதைப் பார்த்ததும் வயிறு எரிந்தது.

பேட் சூடேறிச் சூடேறி இப்படிப் பளபளத்துவிட்டால் பிடிப்பு சீராக இருக்காது. ஒரு சுற்றில் பிடிக்கும், அடுத்த சுற்றில் விட்டுவிடும். அந்தக் கோளாறுக்காகத்தான் வண்டியைக் கொடுத்தேன். அதைச் சரிசெய்யாமல் நட்டை இறுக்கி மறைத்துவிட்டார். ஸ்லிப்பர் என்பதே தேவைப்படும்போது வழுக்குவதற்காக இருப்பது. குதித்து இறங்கும்போது டயர் சட்டென்று தரையைப் பிடிக்கும். அந்த அடியைப் பேட்தான் வாங்க வேண்டும். அது பூட்டிக் கிடந்தால் டிஃபுக்குள் இருக்கும் குண்டுகள் சறுக்கி, அவை உருளும் வளையத்தைக் கீறிவிடும். என் வளையங்களில் நகம் மாட்டும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தது.

கேட்டதற்கு, "பாய்ச்சல் நல்லா இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க" என்றார். மார்க்கர் புள்ளியின் படத்தை அனுப்பினேன். அதற்குப் பிறகு பதிலே இல்லை.

யாரிடமாவது கொடுத்தே ஆக வேண்டுமென்றால், கொடுக்கும் முன் பேட்டின் ஓரத்தில் ஒரு அடையாளம் வையுங்கள். கழற்றிய பழைய பேட்டைத் திருப்பிக் கேளுங்கள். வண்டி வந்ததும், ஓட்டுவதற்கு முன்பே, பின்சக்கரம் இரண்டையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஸ்பர் கியரை (மோட்டார் சுற்றுகிற பெரிய பல்சக்கரம்) கட்டைவிரலால் தள்ளுங்கள். ஸ்லிப்பர் நட் அசையாமல் ஸ்பர் மட்டும் நகர்ந்தால் சரி. நட்டும் சேர்ந்து சுற்றினால் ஸ்லிப்பருக்கு முன்னால் டிஃப் வழுக்குகிறது என்று அர்த்தம். அந்த நிலையில் ஒரு பேட்டரிகூட ஓட்டாதீர்கள்.

நான் இப்போது புது பேட் வாங்கி நானே மாட்டிவிட்டேன். பேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டைக் கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து ஆடுகிறதா என்று பார்த்து, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்துப் போட்டேன். நின்ற இடத்திலிருந்து முழுத் திராட்டில் கொடுத்தால் முதல் அரை மீட்டருக்கு மெல்லிய சீறல் கேட்டு அடங்குகிறது. இதே மாதிரி இறுக்கித் தந்த வண்டியை ஏற்கெனவே ஓட்டியிருந்தால், ஸ்லிப்பரைத் தளர்த்தினால் மட்டும் போதாது, டிஃபையும் திறந்து வளையங்களைப் பாருங்கள்.