சிரப்பா, இன்ஹேலரா? தினமுமா, தேவைப்பட்டால் மட்டுமா? குழந்தை ஆஸ்துமாவில் பெற்றோர் முன் நிற்கும் தேர்வுகள்

குழந்தைக்கு ஆஸ்துமா என்று டாக்டர் சொன்னதும் பல பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "இன்ஹேலர் இல்லாமல் சமாளிக்க முடியாதா?" என்பதுதான். சிரப் கொடுக்க யாரும் தயங்குவதில்லை. நெபுலைசர் வைக்கச் சொன்னாலும் சரி என்கிறார்கள். இன்ஹேலரைக் கையில் கொடுத்தால் மட்டும் "அவ்வளவு முற்றிவிட்டதா, இனி இதுவே பழகிவிடுமா?" என்று கலங்கிப் போகிறார்கள். பிள்ளையின் உடம்பில் தேவையில்லாமல் மருந்து ஏறக்கூடாது என்ற அக்கறைதான் அதற்குக் காரணம். ஆனால் அதே அக்கறையோடு அளவுகளைப் பார்த்தால் கதை தலைகீழாக இருக்கிறது.

மூச்சுக்குழாயைத் தளர்த்தும் சால்பூட்டமாலையே எடுத்துக்கொள்வோம். இன்ஹேலரை ஒரு முறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம். வழக்கமான சிரப்பில் 5 மில்லிக்கு 2 மில்லிகிராம், அதாவது 2,000 மைக்ரோகிராம். மருந்து ஒன்றுதான், அளவு மட்டும் இருபது மடங்கு. ஏன் அவ்வளவு தேவைப்படுகிறது? விழுங்கிய மருந்து வயிறு, கல்லீரல், ரத்தம் என்று சுற்றி உடம்பு முழுவதும் பரவுகிறது. நுரையீரலுக்குக் கிடைப்பது அதில் ஒரு பங்குதான். மிச்சம்தான் கை நடுக்கமாகவும் படபடப்பாகவும், படுக்கவிடாத துறுதுறுப்பாகவும் வெளியே தெரிகிறது. சிரப் வேலை செய்யத் தொடங்க அரை மணி நேரம் வரை ஆகலாம். இன்ஹேலர் சில நிமிடங்களில் மூச்சை இளக்கிவிடும். மூச்சுத் திணறும் குழந்தைக்கு அந்த அரை மணி நேரம் மிக நீளமானது. சர்வதேச ஆஸ்துமா வழிகாட்டுதல்களும் வாய்வழி மூச்சுத்தளர்த்தி மருந்துகளைப் பரிந்துரைப்பதில்லை. என்னைக் கேட்டால், இந்த ஒரு ஒப்பீட்டில் சிரப்பின் பக்கம் சொல்ல எதுவுமே இல்லை.

இன்ஹேலர் பிறந்ததற்கே ஒரு குழந்தையின் கேள்விதான் காரணம் என்பதையும் சொல்ல வேண்டும். 1955-இல் அமெரிக்காவின் ரைக்கர் மருந்து நிறுவனத்தின் தலைவருக்கு ஆஸ்துமா உள்ள 13 வயது மகள் இருந்தாள். தலைமுடிக்கு அடிக்கும் ஸ்ப்ரே போல என் மருந்தையும் ஏன் அடைக்கக் கூடாது என்று அவள் கேட்டாள். மறு ஆண்டே அளவு மாறாமல் மருந்தை வெளிவிடும் இன்ஹேலர் விற்பனைக்கு வந்தது. வேறு வழியில்லாத கடைசிக் கட்டத்துக்காக உருவான கருவி அல்ல அது. ஒரு சிறுமி தானே கையாள வேண்டும் என்பதற்காக வந்தது.

அடுத்து நெபுலைசர். புகை போல மருந்து வருவதைக் கண்ணால் பார்க்க முடிவதால், அதுதான் "பெரிய வைத்தியம்" என்று தோன்றிவிடுகிறது. ஆனால் மருத்துவமனை அவசரப் பிரிவுகளில் செய்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சாதாரண, நடுத்தர இழுப்புக்கு ஸ்பேசர் (இன்ஹேலரின் வாயில் பொருத்தி, மருந்தைப் பிடித்துவைத்து மெதுவாக மூச்சில் இழுக்க உதவும் குழாய்) பொருத்திய இன்ஹேலர் நெபுலைசருக்குக் குறையாமல் வேலை செய்தது. ஸ்பேசர் பயன்படுத்திய குழந்தைகளின் நாடித்துடிப்பு குறைவாகவே ஏறியது, அவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். ஸ்பேசருக்கு மின்சாரம் வேண்டாம், பள்ளிப் பையிலும் வைக்கலாம். ஒரே நிபந்தனை, முறை சரியாக இருக்க வேண்டும். ஒரு அழுத்தத்துக்கு ஐந்தாறு மூச்சு, அப்புறம்தான் அடுத்த அழுத்தம். சிறு குழந்தைக்கு ஸ்பேசரின் முகமூடி முகத்தில் இடைவெளி இல்லாமல் படிய வேண்டும். அழும்போது கொடுத்தால் நுரையீரலுக்குப் போவது மிகக் குறைவு.

எல்லாவற்றையும்விட முக்கியமான பிரிவு வேறு இடத்தில் இருக்கிறது: இழுப்பு வந்தால் மட்டும் மருந்தா, வராத நாளிலும் மருந்தா? நன்றாக ஓடி விளையாடும் பிள்ளைக்குத் தினமும் ஸ்டீராய்டு இன்ஹேலர் கொடுக்கப் பெற்றோருக்கு மனம் வருவதில்லை. ஆனால் ஆஸ்துமா என்பது மூச்சுக்குழாய்களின் உள்ளே ஓயாமல் இருக்கும் அழற்சி. இரவு இருமலும், ஓடினால் வரும் இருமலும் பெரும்பாலும் அதன் அடையாளங்கள். நீல நிறத்தில் பரவலாகக் கிடைக்கும் நிவாரண இன்ஹேலர் குழாயைத் தளர்த்தும், அழற்சியைத் தொடாது. அதனால் அது நன்றாக வேலை செய்வதே பெற்றோரை ஏமாற்றிவிடுகிறது. பிரிட்டனில் ஆஸ்துமா மரணங்களைப் பற்றி 2014-இல் வெளியான தேசிய ஆய்வில் பெரியவர்களும் குழந்தைகளும் உண்டு. மருந்துக் கணக்கு கிடைத்த 165 பேரில் 65 பேருக்கு, இறப்பதற்கு முந்தைய ஓராண்டில் 12-க்கும் மேற்பட்ட நிவாரண இன்ஹேலர்கள் எழுதித் தரப்பட்டிருந்தன. நிவாரணி வேகமாகத் தீர்கிறது என்றால் நோய் கட்டுக்குள் இல்லை என்றுதான் பொருள்.

சரி, ஸ்டீராய்டு பயம்? அதில் உண்மை இருக்கிறது, அதை மறைத்துப் பேசுவது பெற்றோருக்குச் செய்யும் மரியாதை இல்லை. அமெரிக்காவில் 5 முதல் 12 வயது வரையுள்ள 1,041 குழந்தைகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அதில் பல ஆண்டுகள் தினமும் புடசோனைடு என்ற ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்தவர்கள், பெரியவர்களானபோது வெற்று மருந்து எடுத்தவர்களைவிடச் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் குட்டையாக இருந்தார்கள். அந்தக் குறைவு முதல் இரண்டு ஆண்டுகளில் வந்தது. அதன் பிறகு கூடிக்கொண்டே போகவில்லை. வாயில் வெண்படலமும் வரலாம். மருந்து எடுத்ததும் வாய் கொப்பளித்தால் பெருமளவு தவிர்க்கலாம்.

இன்னொரு பக்கத்தையும் எடைபோட வேண்டும். ஸ்டீராய்டு இன்ஹேலரில் நாளுக்கு 200 மைக்ரோகிராம் என்றால் ஒரு வருடத்துக்கு மொத்தம் 73 மில்லிகிராம். தினசரி மருந்தைத் தவிர்த்து, கடுமையான இழுப்பு வந்துவிட்டால், 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு வாய்வழி ஸ்டீராய்டான ப்ரெட்னிசோலோன் நாளுக்கு 20 மில்லிகிராம் வீதம் ஐந்து நாள் கொடுக்க நேரிடலாம். அது 100 மில்லிகிராம், அதுவும் ரத்தம் வழியாக உடம்பு முழுவதற்கும். இரண்டும் வேறு வேறு மருந்துகள் என்பதால் மில்லிகிராமை நேருக்கு நேர் வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனாலும் ஸ்டீராய்டைத் தவிர்க்கிறோம் என்று நினைக்கும் வீட்டில்தான் அது மொத்தமாக உள்ளே போகும் வாய்ப்பு அதிகம்.

"அப்படியானால் மாத்திரை போதாதா?" என்பவர்களுக்கு மான்டெலுகாஸ்ட் உண்டு. கொடுப்பது சுலபம், ஸ்டீராய்டும் இல்லை. ஆனால் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் அளவுக்குப் பலன் தருவதில்லை. கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு போன்ற மனநிலை மாற்றங்கள் வரக்கூடும் என்று 2020-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை அதற்குக் கட்டாயமாக்கியது. "வெறும் மாத்திரைதானே" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

வளர வளரப் போய்விடும் என்று காத்திருப்பவர்களும் முற்றிலும் தவறு இல்லை. மூன்று வயதுக்குள் வீசிங் வந்த குழந்தைகளில் சுமார் 60 சதவீதம் பேருக்கு ஆறு வயதில் அது இல்லை என்று அரிசோனாவின் டூசான் ஆய்வு 1995-இல் காட்டியது. எந்தக் குழந்தை அந்த 60-இல் இருக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. அதுவரை தூக்கமும் பள்ளியும் விளையாட்டும் கெடாமல் பார்த்துக்கொள்ளத்தான் மருந்து. விளையாடவே வேண்டாம் என்று தடுப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. நோய் கட்டுக்குள் இருந்தால் ஓடலாம், நீந்தலாம்.

விலா இடுக்கு உள்வாங்குவது, முழு வாக்கியம் பேச முடியாதது, உதடு நீலம் பாய்வது: இவற்றில் எது வந்தாலும் எந்தத் தேர்வையும் யோசிக்காமல் நிவாரணியைக் கொடுத்துக்கொண்டே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

மற்ற நாட்களில் பெற்றோர் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி "எப்போது நிறுத்தலாம்?" என்பதைவிட, "எப்போது குறைத்துப் பார்க்கலாம்?" என்பதுதான். சுமார் மூன்று மாதம் தொந்தரவு இல்லாமல் இருந்தால் அளவைப் படிப்படியாகக் குறைப்பதை வழிகாட்டுதல்களே ஏற்கின்றன. நாமாக நிறுத்திவிட்டு அடுத்த முறை "கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறோம்" என்று சொன்னால், மருந்து போதவில்லை என்று நினைத்து டாக்டர் அளவைக் கூட்டிவிட வாய்ப்பிருக்கிறது. விட்டுப்போன நாட்களை அப்படியே சொல்லிவிடுங்கள்; எவ்வளவு குறைக்கலாம் என்பதை அவர் அதை வைத்துத்தான் கணக்கிட முடியும்.