இன்ஸ்பெக்‌ஷன் அண்ட் டெஸ்டிங் எழுத்துத் தேர்வு: மாதிரி வினாவா, வழிகாட்டி நூலா, வெற்றுத்தாளா?

பிரிட்டனில் எலக்ட்ரீஷியன்கள் மின் வயரிங்கைச் சோதித்துச் சான்றளிப்பதற்காக எழுதும் 2391-52 தேர்வுக்குத் தயாரானபோது இந்த மூன்று வழிகளையும் முயன்று பார்த்தேன். கடைசியில் நூலை மூடிவைத்து, நினைவிலிருந்து வெற்றுத்தாளில் எழுதிப் பழகுவதையே பிடித்துக்கொண்டேன். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பலவுள் தெரிவு மாதிரி வினாக்கள் வேகத்துக்கு நல்லவை. நூலைப் பார்த்து எழுதும் தாளில், பிஎஸ் 7671 என்ற பிரிட்டன் வயரிங் விதிநூலில் அட்டவணை 41.3 எங்கே இருக்கிறது என்று விரல் தானாகப் போக வேண்டுமே, அந்தப் பழக்கம் வந்துவிடும். ஆனால் பழைய வினாத்தொகுப்புகளில் கவனம் தேவை. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிடிக்கு (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) ஐந்து மடங்கு மின்னோட்டம், 40 மில்லி நொடிக்குள் துண்டிப்பு என்று இன்னும் கேட்பவை உண்டு. அந்த விதிநூலுக்கு 2022-இல் வந்த இரண்டாம் திருத்தத்துக்குப் பிறகு, தாமதமில்லாத சாதாரண வகைக்கு ஒரு மடங்கில் 300 மில்லி நொடிக்குள் துண்டித்தால் போதும்.

வழிகாட்டி நூலை முதலிலிருந்து கடைசிவரை படிப்பது பற்றி அதிகம் சொல்ல எதுவும் இல்லை. ஒருமுறை படித்தே ஆக வேண்டும், சரி. இரண்டாம் முறை படிக்கும்போது எல்லாம் தெரிந்ததுபோலத் தோன்றும். அந்த நினைப்புதான் ஆபத்து.

ஏனென்றால் நூல் இல்லாமல் எழுதும் தாள் ஒன்று இருக்கிறது. அங்கே நான்கு விடைகள் கண் முன்னால் இருக்காது. ரிங் சர்க்யூட் (பெட்டியில் கிளம்பி எல்லா சாக்கெட்டையும் தொட்டு மறுபடி அதே பெட்டிக்கு வரும் வளைய இணைப்பு) டெஸ்டை நான் எத்தனையோ முறை கையால் செய்திருக்கிறேன். ஆனாலும் முதல்முறை தாளில் எழுதியபோது, "லைனையும் நியூட்ரலையும் சேர்க்கவும்" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். எந்த முனையின் லைன், எந்த முனையின் நியூட்ரல்? ஒரு முனையின் லைனை எதிர் முனையின் நியூட்ரலோடு சேர்த்தால்தான் எல்லா சாக்கெட்டிலும் மின்தடை ஏறக்குறைய ஒரே அளவு வரும். ஒரே முனையில் இருப்பவற்றைச் சேர்த்தால் சாக்கெட்டுக்கு சாக்கெட்டு மாறும். கைக்குத் தெரிந்தது பேனாவுக்குத் தெரியவில்லை. மதிப்பெண் கிடைப்பதோ பேனா எழுதியதற்குத்தான்.

அப்புறம் ஒரே ஒரு ரிங் சர்க்யூட்டை எடுத்துக்கொண்டு தினமும் எழுதினேன். 32 ஆம்பியர் டைப் பி பிரேக்கர், லைன் 2.5, எர்த் 1.5 சதுர மில்லிமீட்டர் கேபிள். லைன் முனைக்கு முனை 0.60 ஓம். எர்த் கம்பி மெல்லியது, எனவே 1.67 மடங்கு, அதாவது 1.00 ஓம். இரண்டையும் கூட்டி நான்கால் வகுத்தால் ஆர்1+ஆர்2 (சர்க்யூட்டின் லைன், எர்த் கம்பிகளின் சேர்ந்த தடை) 0.40. வெளி லூப் இம்பீடன்ஸ் (பழுதின்போது மின்னோட்டம் சுற்றிவரும் பாதையில் கட்டிடத்துக்கு வெளியே உள்ள பகுதியின் தடை) 0.35 என்றால் மொத்தம் 0.75. இந்த பிரேக்கருக்கு அட்டவணை 41.3 1.37 வரை அனுமதிக்கிறது. கம்பி குளிர்ந்திருக்கும்போது அளப்பதால் அதில் 80 சதவீதம், ஏறத்தாழ 1.1 ஓம். ஆகவே தேறியது. இந்த ஒரு கணக்கை வழிமுறையோடு எழுதினால் கன்டினியூட்டி (கம்பி அறுபடாமல் இருக்கிறதா என்ற சோதனை), ரிங், லூப் இம்பீடன்ஸ் மூன்றும் ஒன்றாக நிற்கும். எழுதியதை நூலோடு ஒப்பிட்டு, விட்டுப்போனதை மட்டும் சிவப்பில் குறித்தேன். அடிக்கடி சிவப்பானது இன்சுலேஷன் டெஸ்டின் (கம்பிகளின் மின்காப்புச் சோதனை) முன்தயாரிப்புதான். சோதனைக்கு 500 வோல்ட் டிசி, குறைந்தபட்சம் 1 மெகாஓம் என்ற இரண்டையும் மறக்காமல் எழுதுவேன்; மின்னணுச் சாதனங்களைக் கழற்ற வேண்டும் என்பது விட்டுப்போகும்.

நண்பரோடு சேர்ந்து படிப்பதை இரண்டு மாலைகள் மட்டுமே முயன்றேன், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். செய்முறைத் தேர்வுக்கு வெற்றுத்தாள் எனக்குப் பெரிதாக உதவவில்லை என்பதும் உண்மை. அங்கே மீட்டரைப் பிடித்த நேரம்தான் கைகொடுத்தது. இரண்டே வாரம் மிச்சம் என்றால் நான் மாதிரி வினாக்களைக் கடைசி மூன்று நாளுக்கு ஒதுக்கிவிட்டு, மற்ற நாள்களில் காலையில் ஒரு தாள், இரவில் அதே தாளின் சிவப்பு வரிகள் என்று எழுதுவேன்.