காடா, பூங்காவா, வாய்க்கால் கரையா: காலாற நடக்க எங்கே போகலாம்?

அம்மாவுக்கு முழங்கால் நோவு. ஒவ்வொரு நாளும் நடக்கத்தான் வேண்டும், ஆனால் ஏற்ற இறக்கமும் கால் புதையும் மணலும் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வீட்டு ஒழுங்கையில் போவதும் வருவதுமாக ஒரு மாதத்திலேயே அவவுக்கு அலுத்துப்போனது. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்திலும் இடம் தேடத் தொடங்கினோம். பல இடம் போய்ப் பார்த்ததில் நாலு இடம் தேறியது. ஒன்று நகரத்துப் பூங்கா, ஒன்று வாவி முகத்துவாரத்துக் கண்டல், ஒன்று உண்மையான காடு, மற்றது வயலுக்கு நடுவே ஓடும் வாய்க்கால்.

எங்கே போய் இறங்கினாலும் அம்மா முதலில் கேட்பது ஒன்றுதான். "திரும்பி வாறதுக்கும் இவ்வளவு தூரம் நடக்கணுமா மனே?" அந்தக் கேள்வியைத்தான் நானும் அளவுகோலாக வைத்துக்கொண்டேன். நினைத்த இடத்தில் கிறுகி, அதாவது திரும்பி, வரமுடியுமா, வழியில் நிழல் உண்டா, கால் கடுத்தால் இருக்க ஓரிடம் இருக்கிறதா. காட்சி எவ்வளவு அழகு என்பதெல்லாம் இந்த மூன்றுக்கும் பிறகுதான்.

நகரத்தில் இருந்து தொடங்குகிறேன். கல்லடிப் பழைய பாலத்தில் ஏறி, அரசடிப் பக்கம் இறங்கி, அப்படியே காந்திப் பூங்காவரை வருவது ஒரு நடை. 2013இல் புதிய பாலம் திறந்த பிறகு பெரிய வாகனங்களெல்லாம் அதில் போகின்றன. அதனால் பழைய இரும்புப் பாலத்தில் நின்று நிதானமாக வாவியைப் பார்க்கலாம். விடியற்காலை ஐந்தரைக்குப் போனால் தோணிக்காரர் வலை இழுத்துக்கொண்டிருப்பார்கள். தண்ணீருக்குள் இருந்து பாட்டுப்போல ஒரு ஒலி வரும், பாடுமீன் கேட்கும் என்று சொல்வது இந்தப் பாலத்தடியில்தான். அது நிலாக் காலத்து இரவுக்கு உரியது, காலையில் எதிர்பார்த்துப் போகக்கூடாது. பூங்காவில் வாங்கு இருக்கிறது, வாவிக் காற்று இருக்கிறது, பஸ் நிலையமும் கிட்ட. 1814இல் மெதடிஸ்த மிசனரி வில்லியம் ஓல்ட் வந்திறங்கிய துறையும் அங்கேதான். ஒரு பெண் தனியாகப் போய்த் தனியாக வரக்கூடிய நடை இந்த நாலில் இது ஒன்றுதான், அதைச் சின்ன விசயமாக நான் நினைக்கவில்லை. குறை என்றால், ஏழரைக்குப் பிறகு வெயிலும் வாகன இரைச்சலும் சேர்ந்து வந்துவிடும். பாலத்தில் நிழல் கிடையவே கிடையாது.

இரண்டாவது பாலமீன்மடு. பார் வீதியால் அமிர்தகழியைத் தாண்டிப் போனால் வாவி கடலோடு சேரும் முகத்துவாரம். 1913இல் கட்டிய வெளிச்சவீடு 28 மீற்றர் உயரத்துக்கு நிற்கிறது. அதற்குக் கிட்டக் கண்டல் மரங்கள். இது காடு என்று சொல்லக்கூடிய அளவு அடர்த்தி இல்லை, ஆனால் மெதுவாக நடப்பவருக்குப் பார்க்க நிறைய இருக்கிறது. கிண்ணை மரத்தடியில் சேற்றுக்கு மேலே பென்சில் நட்டு வைத்ததுபோலச் சுவாச வேர்கள். தண்ணீர் வற்றிய நேரத்தில் அந்த வேர்களுக்கு இடையில் ஒரு கை மட்டும் பெருத்த சின்ன நண்டுகள் கையை உயர்த்தி உயர்த்திக் காட்டும், நம் நிழல் விழுந்ததும் அத்தனையும் ஒரே நேரத்தில் வளைக்குள் போய்விடும். அம்மா அசையாமல் நின்று அவை திரும்ப வெளியே வரும்வரை பார்ப்பா. ஐந்து நிமிடம் நிற்பது முழங்காலுக்கும் ஓய்வு. தில்லை மரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். அதன் பால் கண்ணில் பட்டால் பெரிய உபத்திரவம். சிறுபிள்ளைகளோடு போனால் முதலில் இதைச் சொல்லிக் கொடுங்கள். வாவியில் முதலையும் உண்டு, கரையில் குந்தியிருந்து காலைத் தண்ணீரில் விடுவது வேண்டாம்.

பூங்காவையும் பாலமீன்மடுவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வசதிக்கு முதலாவது, கண்ணுக்கு இரண்டாவது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் இரண்டுமே பகலில் ஆகாது. அந்தக் காற்று வாவியைக் கடந்து வந்தாலும் சூட்டோடுதான் வரும்.

காட்டுக்கு வருவோம். காட்டு நடை என்றதும் நம் ஆட்களுக்கு நினைவு வருவது உகந்தையில் இருந்து குமுனைக் காட்டுக்குள்ளால் கதிர்காமம் போகும் பாதயாத்திரை. ஆடித் திருவிழாவையொட்டிச் சில நாட்களுக்கு மட்டும் திறக்கும் பாதை அது. நேர்த்தியோடு போகிறவர்களுக்கு உரியது, காலாற நடக்கிற கணக்கில் சேராது. மற்ற நாட்களில் அந்தக் காட்டுக்குள் வாகனத்தில்தான் போகவேண்டும். ஆகவே நாங்கள் போனது அம்பாறை நகரத்தில் இருந்து ஏழெட்டுக் கிலோமீற்றரில் இருக்கும் புத்தங்கல. பழைய பௌத்த மடத்தின் சிதைவுகளும் இன்றும் துறவிகள் வாழும் ஆரண்யமும் உள்ள இடம். வெள்ளையோ மெல்லிய நிறமோ உடுத்து, தோள் முழங்கால் மூடி, செருப்பைக் கழற்ற வேண்டிய இடத்தில் கழற்றிப் போகவேண்டும். நிழல் என்றால் இங்கேதான் நிழல். பாலை மரமும் வீரை மரமும் மேலே கூடி நிற்க, சருகு மிதிபடும் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. அம்மா அன்று அதிகம் பேசவே இல்லை. வீட்டுக்கு வந்து, "மனசு ஆறிப்போச்சு" என்றா.

ஆனாலும் இதை எளிய நடை என்று எல்லோருக்கும் சொல்லமாட்டேன். கற்பாறையில் ஏறும் இடம் முழங்கால்காரருக்கு ஆகாது, அதன் அடிவாரத்தோடு நின்றுவிட வேண்டும். யானை நடமாடும் பகுதி என்பதால் விடிந்து நன்றாக வெளிச்சம் வந்தபிறகு போய், பின்னேரம் நாலுமணிக்கு முன் வெளியே வந்துவிட வேண்டும். நினைத்த இடத்தில் கிறுகலாம், ஆனால் நினைத்த நேரத்தில் போகமுடியாது.

இப்போது வாய்க்கால். என் மனம் முழுக்க இதில்தான்.

பட்டிப்பளை ஆற்றை மறித்து இங்கினியாகலையில் அணை கட்டும் கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கியது. இலங்கையின் மிகப்பெரிய நீர்த்தேக்கமான சேனநாயக்க சமுத்திரம் அப்படி உருவானது. அங்கிருந்து இடதுகரை வாய்க்கால், வலதுகரை வாய்க்கால் என்று பிரிந்து, கிளை கிளையாகிச் சம்மாந்துறை, அக்கரைப்பற்று வயல் வட்டைகள்வரை தண்ணீர் வருகிறது. பெரிய வாய்க்காலின் ஓரமாகப் பல இடங்களில் கிறவல் வீதி ஒன்று கூடவே வரும். வாய்க்காலைப் பராமரிக்கவும் உழவு மெசின் போகவும் போட்டது. நடப்பவருக்கு அது பெரிய கொடை. தண்ணீர் தானாக ஓடவேண்டும் என்பதற்காக வாய்க்காலை மிகமெல்லிய சரிவில்தான் வெட்டுவார்கள், அதனால் பக்கத்து வீதியிலும் ஏற்றம் என்று ஒன்று தெரியாது. முழங்கால் நோவுக்காரருக்காகவே அளந்து போட்டதுபோல இருக்கும்.

சம்மாந்துறைப் பக்கம் நாங்கள் போகும் துண்டில் கரையோரம் மருதமரங்கள் நிற்கின்றன. மருதமுனை, சாய்ந்தமருது என்று ஊருக்கே அதன் பெயரை வைத்த கரை அல்லவா இது. பட்டை உரிந்த இடத்தில் சாம்பல் வெள்ளை. பத்துமணி வெயிலிலும் உள்ளங்கையை வைத்தால் குளிரும். வேர்கள் விரல் கோத்ததுபோலத் தண்ணீருக்குள் இறங்கியிருக்கும், அந்த வேர்ப் பொந்தில் மீன்கொத்தி ஒன்று நாங்கள் போகும் எல்லா ஞாயிறும் இருந்தது. தண்ணீரைத் திறந்து மூடும் துருசுக் கதவடியில் அது சுழித்து விழும் சத்தம் நூறு அடிக்கு முன்பே கேட்கும். அந்தத் துருசுக் கட்டுத்தான் அம்மாவின் வாங்கு. அங்கே இருந்து அடுத்த துருசுவரை போவதா, கிறுகுவதா என்று அவவே முடிவு பண்ணுவா. முதல் நாள் ஒரு துருசு. இப்போது மூன்று துருசு போய் வருகிறா.

ஒருநாள் அங்கே ஒரு வயற்காரக் காக்கா சைக்கிளை நிறுத்தி, "இதால போனா பாலம் ஒண்டு வரும், மறுகா அந்தக் கரையால திரும்பி வாங்க, அங்க வெயில் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அதில் இருந்து காலையில் ஒரு கரையால் போய் மற்றக் கரையால் வருகிறோம். ஒரே பாதையில் திரும்பி வரும் அலுப்பும் இல்லாமல் போனது.

வாய்க்காலிலும் கவனமாக இருக்க வேண்டியவை உண்டு. போகத்துக்கு இடையில் தண்ணீரை மூடினால் அது வெறும் சேற்றுக்கிடங்கு. சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்த பிறகு, வெள்ளாமை பச்சையாக நிற்கும் மே, ஜூன் மாதங்கள்தான் திறம். மாரியில் கிறவல் சகதியாகும். கிட்டங்கித் தாம்போதி மேலால் வெள்ளம் பாயும் காலத்தில் அந்தப் பக்கம் நடைக்கென்று புறப்படவே வேண்டாம். காலில் புண் இருந்தால் சேற்றில் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் அப்படித்தான் தொற்றுகிறது. பெண்கள் தனியாகப் போவதற்கு நான் சொல்லமாட்டேன், இரண்டு மூன்று பேராகப் போனால் ஒரு பயமும் இல்லை. அறுவடைக் காலத்தில் காட்டோர வட்டைகளுக்கு யானை இறங்கும். ஊருக்குக் கிட்டிய துண்டில் நடப்பதும், காவல் வாடியில் ஆள் இருந்தால் முதல்நாள் இரவு யானை வந்ததா என்று கேட்டுவிட்டு மேலே போவதும் நல்லது.

குளக்கட்டைப் பற்றியும் கேட்கிறார்கள். அம்பாறைக் கொண்டவட்டவான், மட்டக்களப்புப் படுவான்கரையில் உன்னிச்சை என்று நல்ல குளங்கள் இருக்கின்றன. கட்டில் நின்றால் காற்றும் காட்சியும் அள்ளும். ஆனால் கட்டில் மரம் வளரவிடமாட்டார்கள், வேர் கட்டைப் பிளக்கும். ஆகவே நிழல் இல்லை. அரைமணி நேரம் நின்று பார்க்க அது, நடக்க வாய்க்கால்.

வாகனம் இல்லாமல் மட்டக்களப்பு நகரத்தில் இருப்பவர் கல்லடிப் பாலத்தோடு தொடங்குங்கள், விடியலில் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர் பாலமீன்மடுவுக்குத் தண்ணீர் வற்றிய நேரம் பார்த்துப் போங்கள். மனம் பாரமாக இருக்கிறவருக்குப் புத்தங்கல. வயதான தாய் தகப்பனோடு நடக்கிறவர் கல்முனைக்கு வந்து, அம்பாறை பஸ்ஸில் ஏறிச் சம்மாந்துறையில் இறங்குங்கள், வாய்க்கால் வீதி எது என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். போத்தலில் தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். தேத்தண்ணிக்குக் கூப்பிட்டால் போய்க் குடித்துவிட்டு வாருங்கள். முதல் நாள் ஒரு துருசு போதும்.