28 கோர் என்று சொல்லி என் தலையில் கட்டிய சர்வர் சிப்

‘சர்வர் ப்ராசஸர், 28 கோர், எடிட்டிங் சும்மா பறக்கும்’ என்ற மாதிரி விளம்பரத்தைப் பார்த்துச் சபலப்பட்டிருப்பவர்கள் பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் அனுப்பிவிட்டு அப்புறம் படித்தவன்.

என் வேலை இதுதான்: 4கே-யில் எடுத்த வீடியோக்களை வெட்டி ஒட்டுவது, கலர் சரி செய்வது, நடுநடுவே கொஞ்சம் போட்டோ திருத்தம். பழைய லேப்டாப் மூச்சு வாங்கியதால் ஒரு டெஸ்க்டாப் தேடினேன். விற்பனையாளருக்கு அனுப்பிய முதல் மெசேஜிலேயே இதையெல்லாம் வரி வரியாக எழுதியிருந்தேன். எனக்குக் கோபம் வருவதே அதனால்தான். அவர் விவரம் தெரியாமல் விற்றவர் இல்லை.

நான் மனதில் வைத்திருந்தது இன்டெலின் சாதாரண டெஸ்க்டாப் ப்ராசஸரான கோர் ஐ5-12400. அதில் ஆறு கோர், அதாவது தனித்தனியாக வேலை செய்யும் ஆறு மூளைகள். அதைச் சொன்னதும், “ஆறு கோரை வச்சு என்ன சார் பண்ணப் போறீங்க? நான் தர்றது ஜியான். டேட்டா சென்டர்ல ராத்திரி பகலா ஓடுற சரக்கு. 28 கோர், ஒவ்வொண்ணும் 2.4. மொத்தம் எவ்வளவுன்னு நீங்களே பெருக்கிப் பாருங்க” என்றார். நானும் மெனக்கெட்டுப் பெருக்கினேன். 67 கிகாஹெர்ட்ஸ்! கடிகார வேகத்தை அப்படிக் கூட்டவோ பெருக்கவோ கூடாது என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. 28 பேர் சேர்ந்து நடந்தாலும் நடை வேகம் நடை வேகம்தான்.

வந்து சேர்ந்தது இன்டெலின் சர்வர் ப்ராசஸர் வரிசையான ஜியானில் இ5-2680 வி4. ஆன் செய்து டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் ‘கோர்: 14, லாஜிக்கல் ப்ராசஸர்: 28’ என்று இருந்தது. கேட்டதற்கு, “ரெண்டும் ஒண்ணுதான் சார்” என்று பதில். ஒன்றல்ல. ஒரு கோர் ஒரு வேலையில் காத்திருக்கும் இடைவெளியில் இன்னொரு வேலையைச் செருகிக்கொள்வதுதான் இரண்டாவது த்ரெட்; டாஸ்க் மேனேஜர் அதையும் ஒரு லாஜிக்கல் ப்ராசஸராக எண்ணும். அதற்கென்று தனி கோர் எதுவும் உள்ளே கிடையாது. அவர் சொன்ன 28-இல் பாதி அங்கேயே கரைந்துபோனது.

மீதிப் பாதியாவது உதவியதா? இந்தச் சிப் 2016-இல் வந்தது. அடிப்படை வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ். அதிகபட்சம் 3.3, அதுவும் ஓரிரு கோர்களுக்கு மட்டும் வேலை இருக்கும்போதுதான். நான் வேண்டாம் என்று விட்ட ஐ5, 2022-இல் வந்தது. அது 4.4 வரை போகும். இதில் இன்னொரு சங்கதி உண்டு: இந்த ஆறு ஆண்டுகளில் ஒரே கிகாஹெர்ட்ஸுக்குள் ஒரு கோர் முடிக்கும் வேலையின் அளவும் கூடிவிட்டது. அதனால் 3.3-க்கும் 4.4-க்கும் உள்ள உண்மையான தூரம், எண்ணில் தெரிவதைவிட நிறைய.

ஒரு கிளிப்பில் கை நடுக்கத்தைச் சரி செய்யும் எஃபெக்டைப் போட்டேன். நகரவே இல்லை. டாஸ்க் மேனேஜரில் 28 குட்டிக் கட்டங்கள். 26 தரையோடு தரையாகப் படுத்திருக்க, ஒன்றிரண்டு மட்டும் மாறி மாறி எம்பிக்கொண்டிருந்தன. மொத்தப் பயன்பாடு 4 சதவீதம். ‘இவ்வளவு சக்தி மிச்சம் இருக்கிறதே, ஏன் இப்படி மெதுவாக ஓடுகிறது?’ என்று குழம்பினேன். கணக்கு எளிது: 100-ஐ 28-ஆல் வகுத்தால் மூன்றரை. ஒரு த்ரெட் உயிரைக் கொடுத்து ஓடினாலும் திரையில் அவ்வளவுதான் தெரியும். அந்த எஃபெக்ட் ஒரே த்ரெட்டில் ஓடுகிறது. மற்ற 27-க்கும் அங்கே வேலையே இல்லை.

டைம்லைனில் நேர்மாறான கூத்து. எச்.265 என்ற முறையில் சுருக்கிப் பதிவான 4கே வீடியோவை ஓட்டினால் கட்டங்கள் எல்லாம் எகிறுகின்றன, ஃபேன் அலறுகிறது, படம் மட்டும் தத்தித் தத்திப் போகிறது. காரணம், ஐ5-இல் சிப்புக்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது. அதில் குவிக் சிங்க் என்ற தனிப் பகுதி இப்படிச் சுருக்கிய வீடியோவை விரிக்கிற வேலைக்கென்றே உட்கார்ந்திருக்கிறது. என் ஜியானில் கிராபிக்ஸே இல்லை. எல்லாவற்றையும் கோர்கள் கையால் பிசைய வேண்டும். கூடவே கொடுத்த பழைய கிராபிக்ஸ் கார்டுக்கு எச்.265 என்றால் என்னவென்றே தெரியாது; திரையில் படம் வர மட்டும்தான் அது. அந்தக் கார்டு புட்டுக்கொண்டால் திரை மொத்தமும் இருட்டு. வாங்கும் முன் இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அவர்.

ரேம் கதை இன்னும் மோசம். இந்தச் சிப் நான்கு சேனலில் ரேமோடு பேசக்கூடியது. டிடிஆர்4-2400 நான்கு போட்டால் நொடிக்கு 76.8 ஜிபி வரை கிடைக்கும். அவர் போட்டிருந்தது ஒரே ஒரு 16 ஜிபி குச்சி. அதாவது 19.2. நான்கு வழிச் சாலை போட்டு மூன்றை அடைத்துவைத்த மாதிரி. சரி, இன்னொன்று சேர்ப்போம் என்று சாதாரண டெஸ்க்டாப் ரேம் வாங்கிச் செருகினேன். திரையே வரவில்லை. கழற்றினால் வருகிறது, செருகினால் போகிறது.

சர்வர்களோடு மாரடிக்கும் நண்பன் ஒருவனை வீடியோ காலில் பிடித்து ரேமைக் காட்டினேன். “ஸ்டிக்கர்ல 2400டி-க்குப் பக்கத்துல என்னடா எழுத்து இருக்கு?” என்று கேட்டான். ‘ஆர்’ என்றேன். சிரித்தான். “டேய், அது ரெஜிஸ்டர்டு ரேம். சர்வர்ல இருந்து உருவிப் போட்டிருக்கான். நீ வாங்கினதுல ‘யு’ இருக்கும் பாரு. ரெண்டும் ஒண்ணா ஓடாது.” பார்த்தேன், ‘யு’ இருந்தது. நாளை நான் ஐ5-க்கு மாறினாலும் அவர் தந்த குச்சி அதில் ஓடாது. குச்சியின் நடுவில் மற்றவற்றோடு சேராமல் தனியாக ஒரு சிப் உட்கார்ந்திருக்கும், அதுதான் ரெஜிஸ்டர். இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

மதர்போர்டை அவன் பார்க்கச் சொன்னதும் அடுத்த பூதம் கிளம்பியது. போர்டில் கொட்டை எழுத்தில் ‘எக்ஸ்99’ என்று இன்டெலின் உயர்ரகச் சிப்செட்டின் (போர்டில் யுஎஸ்பி, டிஸ்க் போன்றவற்றைக் கவனிக்கும் சிப்) பெயரை அச்சிட்டிருக்கிறது. சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளில் மெயின்போர்டு பக்கத்தைத் திறந்தால் சிப்செட்டைக் காட்டும் சவுத்பிரிட்ஜ் என்ற இடத்தில் பி85 என்று காட்டுகிறது. அது 2013-இல் சாதாரண டெஸ்க்டாப்புகளுக்கு வந்த சிப்செட். பழைய போர்டுகளிலிருந்து கழற்றிய சிப்செட்டைப் புதுப் பலகையில் ஒட்டி, பெயரை மட்டும் எக்ஸ்99 என்று போட்டு விற்கும் வழக்கம் இருக்கிறதாம். கம்ப்யூட்டரைத் தூங்க வைத்தால் திரும்ப எழுந்திருக்காமல் இருந்ததற்கும் இந்தப் போர்டுதான் காரணமாக இருக்கும் என்றான் நண்பன்.

விண்டோஸ் 11-ம் போட்டுத் தந்திருந்தார். மைக்ரோசாஃப்டின் ஆதரவுப் பட்டியலில் இந்தச் சிப் இல்லவே இல்லை. சோதனையை ஏய்த்து ஏற்றியிருக்கிறார். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. முன்னே போனால் முட்டுது, பின்னே போனால் உதைக்குது.

எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட்டோடு அனுப்பினேன். “நீங்க கேட்டது பவர்ஃபுல் சிஸ்டம், நான் குடுத்தது பவர்ஃபுல் சிஸ்டம். உங்க சாஃப்ட்வேர் சரியில்லைன்னா நான் என்ன சார் பண்றது?” என்று பதில். வாரண்டி கேட்டால், “ப்ராசஸர் என்னைக்கு சார் கெட்டுப் போயிருக்கு?” என்றார். அதோடு பதில் நின்றது.

ஜியானைத் திட்டவில்லை, தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே பெட்டியில் பத்துப் பதினைந்து விர்ச்சுவல் மெஷின் (கம்ப்யூட்டருக்குள் மென்பொருளால் ஓடும் தனித்தனிக் கம்ப்யூட்டர்கள்) ஓட்டுகிறவர்களுக்கு, மலை போல ரேம் தேவைப்படுகிறவர்களுக்கு, நாலைந்து விரிவாக்க கார்டு செருகுகிறவர்களுக்கு இது இன்றும் உழைக்கும். அந்த கார்டுகள் ப்ராசஸரோடு பேசும் பாதைகளான பிசிஐஇ லேன் இதில் 40, அது ஐ5-இல் கனவு. ராத்திரி முழுக்க பிளெண்டரில் 3டி ரெண்டர் போட்டால் 28 கட்டமும் கூரையைத் தொடுகின்றன, அதை நானே பார்த்தேன். நினைவகப் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் இசிசி ரேமும் நல்ல விஷயம்தான். ஆனால் அதற்காக ஜியானுக்குத்தான் போக வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். போர்டு ஒத்துழைத்தால் ஏஎம்டி நிறுவனத்தின் பல ரைசன் ப்ராசஸர்களிலும் இசிசி ஓடும்.

நான் கேட்டது ‘எத்தனை கோர்?’ என்று மட்டும். அவருக்கு அது அல்வா சாப்பிடுகிற மாதிரியான கேள்வி. ‘ஒரு கோரின் வேகம் என்ன, எந்த ஆண்டுச் சிப், உள்ளே கிராபிக்ஸ் உண்டா, ரேம் ஸ்டிக்கரில் ஆர்-ஆ யு-வா, சவுத்பிரிட்ஜில் என்ன காட்டுகிறது’ என்று கேட்டிருந்தால் பாதியிலேயே போனை வைத்திருப்பார். இவற்றில் கடைசி இரண்டுக்கும் வாய்ப் பதில் வேண்டாம், படம் கேளுங்கள். சிப்பின் மூடியையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் மாடல் எண்ணுக்குப் பதிலாக ‘இன்டெல் கான்ஃபிடென்ஷியல்’ என்று பொறித்திருந்தால் அது சோதனைக்காகத் தயாரித்த மாதிரிச் சிப், விற்பனைக்கானதே அல்ல.

நேற்று அவருடைய விளம்பரம் மறுபடியும் கண்ணில் பட்டது. அதே பெட்டி, அதே படம், அதே ‘சும்மா பறக்கும்’. இந்த முறை உள்ளே இரண்டு சிப்பாம். தலைப்பில் 56 கோர் என்று போட்டிருக்கிறார்.