துவக்கைப் புதுசாக்கித் தாரேன் என்று வீட்டுக்கு வருகிறவரிடம் கொடுக்காதீர்கள்

வெலிமடைப் பக்கம் உருளைக்கிழங்கும் போஞ்சியும் போடுகிற வீடுகள் சிலவற்றில் பழைய இரட்டைக்குழல் துவக்கு இன்னும் இருக்கிறது. எங்கள் வீட்டிலும் அப்பாவின் பெயரில் லைசன்ஸோடு ஒன்று: இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில் செய்த 12 போர் (குழல் வாயின் அளவு). பன்றி இறங்குகிற இரவுகளில் வெடிச் சத்தம் கேட்டாலே பாதி பயிர் தப்பும்.

இடது பக்க விசை சில நேரம் இழுத்தாலும் விழாது. மரப்பிடியின் கழுத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. இவ்வளவுதான் கோளாறு. ஆகஸ்டில் தெரிந்த ஒருவர் மூலம் ஒரு ஆள் வந்தார். "தம்பி, கடைக்குக் கொண்டுபோனா மாசக்கணக்கா இழுப்பாங்க. நான் இங்கேயே உக்காந்து ரெண்டு நாள்ல புதுசு மாதிரி ஆக்கித் தாரேன்" என்றார். 22,000 ரூபாய். துவக்கு திருத்துகிறவருக்குத் தனி அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும், அதைக் காட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. அது என் பிழை, ஒத்துக்கொள்கிறேன்.

முதல் நாள் எங்கள் திண்ணையில் மோட்டார் சில்லைப் பூட்டி, இரும்பு முழுவதையும் தேய்த்தார். துரு போனது. அதோடு விசைக்காப்பில், அதாவது விசையைச் சுற்றியுள்ள வளையத்தில், வெட்டியிருந்த துவக்கின் இலக்கமும் போனது. குழலைக் கழற்றினால் அடியில் தட்டையான இடத்தில் கிரீடம் போட்ட சின்னச் சின்ன முத்திரைகள் இருக்கும். பேர்மிங்ஹாம் சோதனைச் சாலையில் அளவுக்கு மிஞ்சிய வெடிமருந்து வைத்து வெடித்துப் பார்த்து, குழல் தாங்கியது என்று அடித்த முத்திரைகள் அவை. 1813 முதல் நடக்கிற வேலை அது. தோட்டா அறை 2½ அங்குலம் என்பதையும் அங்கேதான் பார்க்க முடியும். அதைப் பார்க்காமல் 2¾ அங்குலத் தோட்டாவைப் போட்டால், உள்ளே போகும், மூடும். வெடிக்கும்போது தோட்டாவின் மடித்த முனை விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். அந்தக் குறிகளில் ஒன்றுகூட இப்போது வாசிக்க முடியாது.

அடுத்தது நிறம். குழலைக் கறுப்பாக்கத் தொட்டி வேண்டும் என்று சொல்லி ஒரு இரவு எடுத்துக்கொண்டு போனார். காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் ஏறக்குறைய 140 பாகை செல்சியஸில் கொதிக்கிற தொட்டி. ஒற்றைக்குழலுக்கு அது சரி. இரட்டைக்குழலில் இரண்டு குழலுக்கும் நடுவே ஓடுகிற பட்டை ஈயப்பற்றில் ஒட்டியது. காஸ்டிக் அந்தப் பற்றையே தின்றுவிடும், உப்புத் தண்ணீர் உள்ளே தங்கும். இரட்டைக்குழலை மெதுவாகத் துருவேற்றி, வெந்நீரில் அவித்து, கம்பி பிரஷ்ஷால் துடைத்து, திரும்பத் திரும்பச் செய்துதான் கறுப்பாக்க வேண்டும். பல நாள் பிடிக்கும். இதையெல்லாம் நான் பிறகுதான் படித்தேன்.

திரும்பி வந்தபோது கண்ணாடி போல மின்னியது. நான் சந்தோஷப்பட்டேன். அப்பா ஒன்றும் பேசாமல் குழலைக் கொக்கியால் தொங்கவிட்டு விரலால் சுண்டினார். கோயில் மணி மாதிரி நீண்டு ஒலிக்கிற குழல் அது. இப்போது தகரத்தைத் தட்டியது போல 'டக்' என்று நின்றது. "பட்டை விட்டுருச்சு" என்றார். இரண்டு கிழமையில், இந்தப் பனிக்கும் மழைக்கும், பட்டை ஓரமாக வெள்ளைப் பூப்பு கசிந்து, அடியில் துரு ஓடத் தொடங்கியது.

வால்நட் மரப்பிடியை அளவுக்கென்று கொண்டுபோனவர் அதைத் தரவே இல்லை. வேறு ஏதோ மரத்தில் செய்து வார்னிஷ் அடித்த பிடிதான் வந்தது. விசை இப்போதும் விழுவதில்லை. போன் எடுத்தால் "நாளைக்கு வாரேன் தம்பி". பிறகு போனும் இல்லை.

டிசம்பர் 31க்கு முன் லைசன்ஸ் புதுப்பிக்க வேண்டுமே என்று பொலிஸுக்குக் கொண்டுபோனோம். லைசன்ஸில் இருக்கிற இலக்கத்தைத் துவக்கில் தேடினார்கள். இல்லை. இலக்கம் அழித்த துவக்கு என்றால் அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். எழுபத்திரண்டு வயதில் அப்பா வாக்குமூலம் கொடுத்தார்.

உங்களிடம் இருந்தால் இன்றைக்கே இலக்கத்தையும் அடியிலுள்ள முத்திரைகளையும் படம் எடுத்து வையுங்கள். அனுமதிப்பத்திரத்தைக் கண்ணால் பார்க்காமல் யாரிடமும் கொடுக்காதீர்கள். பட்டைக்குத் தொட்டி வேண்டாம், இலக்கத்தின் மேல் சில்லு வேண்டாம் என்று முதலிலேயே சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகம் ஒவ்வொன்றையும் திருப்பி வாங்குங்கள்.

துவக்கு இன்னும் ஸ்டேஷனில் இருக்கிறது. அப்பா இரவில் தகர டின்னைத் தட்டிக்கொண்டு கிழங்குப் பாத்தியைச் சுற்றி வருகிறார்.